மிச்சிகனில் வில்லுடன் முதல் மான் வேட்டை: புதியவருக்கு ஒரு விரிவான பதில்

மிச்சிகனுக்கு வேலைக்கு வந்து சில ஆண்டுகள் ஆன ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "வரும் அக்டோபரில் முதன்முறையாக வில்லுடன் மான் வேட்டைக்குப் போக எண்ணியிருக்கிறேன். இதுவரை வில்லையோ துப்பாக்கியையோ தொட்டதில்லை. எந்த வில் வாங்க வேண்டும், எவ்வளவு தூரத்திலிருந்து எய்யலாம், காட்டில் எங்கே உட்கார வேண்டும், எய்த பிறகு என்ன செய்ய வேண்டும்?" கேள்விகள் நான்கு என்றாலும் அவற்றுக்கான விடைகள் ஓர் அடிப்படையிலிருந்தே கிளைக்கின்றன என்பதால், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

துப்பாக்கிக் குண்டு தன் வேகத்தால் சுற்றியுள்ள திசுக்களையும் எலும்பையும் சிதைக்கிறது. அம்பு அவ்வாறு செய்வதில்லை. அதன் முனையில் பொருத்தப்பட்ட கூரிய அலகுகள் நுரையீரலையும் பெரிய இரத்தக் குழாய்களையும் அறுக்க, இரத்தம் வெளியேறுவதால்தான் மான் இறக்கிறது. இரண்டு நுரையீரல்களையும் அம்பு துளைத்துச் சென்றால் மான் சில நொடிகளிலேயே விழுந்துவிடும். அதே அம்பு ஒரு சாண் பின்னால் தள்ளி வயிற்றில் பட்டால், மான் பல மணி நேரம் உயிரோடு அலையும். தேடத் தெரியாதவருக்குக் கிடைக்காமலே போகும். எந்த வில், எவ்வளவு தூரம், எந்தக் கோணம், எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற முடிவுகள் அனைத்தையும் இந்த ஒரு உண்மையோடு பொருத்தியே எடுக்க வேண்டும்.

சட்டத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைக் குற்றமாக்கியிருப்பதால், நம்மவர்களுக்கு மான் வேட்டை என்றதும் வழக்கும் சிறையுமே நினைவுக்கு வருவது இயல்பு. மிச்சிகனில் வெள்ளைவால் மானின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க உரிமம் பெற்ற வேட்டையாளர்களையே மாநில இயற்கை வளத் துறை நம்பியிருக்கிறது. 1937-இல் இயற்றப்பட்ட பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின் வழியே, நீங்கள் வாங்கும் வில்லின் மீதும் 11 சதவீதத் தீர்வை பெறப்பட்டு, மாநிலங்களின் வனவுயிர்ப் பணிகளுக்குப் போய்ச் சேர்கிறது. 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்தவர் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியில் தேறியிருந்தால்தான் முழு உரிமம் கிடைக்கும். பயிற்சி முடிக்காதவர்கள் பயிலுநர் உரிமத்தை இரண்டு பருவங்கள் வரை பெறலாம்; ஆனால் 21 வயது நிறைந்த, உரிமம் உள்ள ஒருவர் உடனிருக்க வேண்டும். அடிப்படை உரிமம் வாங்கிய பிறகே மான் உரிமம் வாங்க முடியும். வில் பருவம் அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரையும், மீண்டும் டிசம்பர் 1 முதல் ஜனவரி 1 வரையும் நடக்கிறது. இடையில் நவம்பர் 15 முதல் 30 வரை துப்பாக்கிப் பருவம். அந்த நாட்களில் வில்லோடு சென்றாலும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிற உடை கட்டாயம். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பு தொடங்கி அத்தமனத்துக்கு அரை மணி பின்பு வரைதான் எய்யலாம். மக்கள் வசிக்கும் வீட்டிலிருந்தும் பண்ணைக் கட்டடத்திலிருந்தும் 450 அடிக்குள் அனுமதியின்றி வேட்டையாடக் கூடாது. மாநிலத்தின் தெற்குப் பகுதியான கீழ்த் தீபகற்பத்தில் ஆப்பிள், சோளம், உப்பு போன்ற இரை போட்டு மானை வரவழைப்பது 2019 ஜனவரி 31 முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. கடைகளில் மூட்டை மூட்டையாக விற்கிறார்களே என்று ஏமாந்துவிட வேண்டாம். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். எனவே துறை வெளியிடும் அந்த ஆண்டுக்கான கையேட்டை, குறிப்பாக உங்கள் மாவட்டத்துக்குரிய பக்கத்தை, ஒருமுறை முழுமையாகப் படித்துவிடுங்கள்.

வேலை விசாவில் இருப்பவர்கள் தனியே கேட்கும் ஒரு செய்தியையும் இங்கேயே சொல்லிவிடலாம். குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் உள்ளவருக்கு விலக்கு உண்டு. வில் அந்தச் சட்டத்தின் துப்பாக்கி வரையறைக்குள் வருவதே இல்லை. இங்குள்ள நம்மவர் சிலர் வில்லிலிருந்து தொடங்குவதற்கு இது ஒரு காரணம்.

இனி வில். மிசௌரியைச் சேர்ந்த ஹோலிஸ் வில்பர் ஆலன் 1969-இல் காப்புரிமை பெற்ற காம்பவுண்டு வில்தான் இன்று பெரும்பாலானோர் கையில் இருக்கிறது. இரு முனைகளிலும் உள்ள உருளைகளின் அமைப்பால், நாணை முழுவதும் இழுத்த பிறகு கைக்கு வரும் சுமை வெகுவாகக் குறைந்துவிடும். இழுக்க 50 பவுண்டு விசை வேண்டிய வில் 80 சதவீதத் தளர்வு உடையதாக இருந்தால், இழுத்த நிலையில் நீங்கள் தாங்க வேண்டியது 10 பவுண்டுதான். மான் ஒரு மரத்தின் பின்னால் நின்றுகொண்டு வெளியே வர மறுக்கும் அந்த ஒரு நிமிடத்தில் இந்த வேறுபாட்டின் அருமை புரியும். உருளைகள் இல்லாத, முனைகள் வெளிப்புறம் வளைந்த ரிகர்வ் வில் அழகானது; டெட்ராய்ட்டில் 1933-இல் தொழிலைத் தொடங்கி, பின்னர் கிரேலிங் ஊருக்குக் கொண்டுசென்ற வில் தயாரிப்பாளர் ஃப்ரெட் பேரின் வழியில் இன்றும் அதையே ஏந்துபவர்கள் இந்த மாநிலத்தில் உண்டு. ஆனால் மே மாதம் வில்லைத் தொட்டு அக்டோபரில் மானின் முன் உட்கார நினைப்பவருக்கு அது உகந்ததன்று. துப்பாக்கிபோல் விசையை அழுத்தி எய்யும் குறுக்கு வில்லுக்கு இதே பருவத்தில் அனுமதி உண்டு, பயிற்சியும் குறைவாகப் போதும். தோள்வலி உள்ளவர்கள் அதைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம்.

கடையில் புதியவர்கள் சறுக்கும் இடம் இழுவிசை, அதாவது நாணை இழுக்கத் தேவைப்படும் பலம். உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகும் இளைஞர் 70 பவுண்டு வில்லை வாங்கிவிடுகிறார். கடைக்குள் நின்றபடி சூடான உடலோடு அதை இழுத்தும் காட்டிவிடுகிறார். நவம்பர் காலையில், உறைநிலைக்குக் கீழே, மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்த பிறகு அதே வில்லை இழுப்பது வேறு காரியம். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, இரு கால்களையும் தரையிலிருந்து சற்றே தூக்கிக்கொண்டு, வில்லை வானத்தை நோக்கி உயர்த்தாமல் மார்புக்கு நேரே பிடித்து, மெதுவாக இழுத்துப் பாருங்கள். தோள் குலுங்கினாலோ வில் மேலே எழும்பினாலோ ஐந்து பவுண்டு குறைக்க வேண்டும். வெள்ளைவால் மானுக்கு, நான் கீழே சொல்லப்போகும் தூரத்தில், 45 முதல் 50 பவுண்டு தாராளமாகப் போதும். இழுவிசையைக் காட்டிலும் இழுவை நீளம், அதாவது நாணை எவ்வளவு தூரம் பின்னால் இழுக்கிறீர்கள் என்பது, முக்கியமானது. இரு கைகளையும் விரித்து விரல் நுனிக்கு விரல் நுனி அங்குலத்தில் அளந்து, அதை 2.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய உங்கள் இழுவை நீளம் கிடைக்கும். மிச்சத்தை வில் கடைக்காரர் உங்களை நிறுத்திப் பார்த்துச் சரிசெய்வார். குறிபார்க்கும்போது மூளை முதன்மையாக நம்பும் ஓங்கிய கண் எது என்பதையும் அங்கேயே சோதித்துக்கொள்ளுங்கள். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஓங்கியிருப்பது அரிதன்று. அதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கினால் கோடை முழுவதும் காரணம் புரியாமல் திணற வேண்டிவரும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று பெட்டியில் வில்லை வரவழைப்பதை நான் ஆதரிப்பதில்லை.

வில்லுக்குச் செலவழித்துவிட்டு அம்பில் சிக்கனம் பார்ப்பவர்கள் உண்டு. உண்மையில் மானைத் தொடுவது அம்பு ஒன்றுதான். கார்பன் அம்பை ஒவ்வொரு முறை எய்வதற்கு முன்பும் சோதிக்க வேண்டும். இரு முனைகளையும் பிடித்து, காதருகே வைத்து, உங்களிடமிருந்து விலகும் திசையில் மெல்ல வளைத்துச் சுற்றிக்கொண்டே வாருங்கள். நுண்ணிய விரிசல் இருந்தால் நெறநெறவென்ற ஓசை கேட்கும். சில நேரம் மயிரளவு பிளவு கண்ணுக்கே தெரியும். அத்தகைய அம்பை எய்தால் வில்லை விட்டுப் புறப்படும்போதே சிதறி, வில்லைப் பிடித்திருக்கும் கையில் பாயக்கூடும். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடுவதும் அதே அளவு ஆபத்தானது. வில்லின் வளையும் இரு கிளைகளும் உடைந்துவிடக்கூடும்.

அம்புத்தலையில் நிலையான அலகு, விரியும் அலகு என்று இரு வகை. விரியும் வகை மானின் மேல் பட்டபின் திறந்து பெரிய காயம் உண்டாக்கும். ஆனால் திறப்பதற்கே அம்பின் ஆற்றலில் ஒரு பங்கு போய்விடும். 50 பவுண்டு வில்லோடு தொடங்குபவருக்கு 100 அல்லது 125 கிரெயின் (அம்புக்கு வழங்கும் சிறு எடையளவு) எடையுள்ள நிலையான அலகுதான் என் பரிந்துரை. மிச்சிகனில் அது குறைந்தது 7/8 அங்குல அகலம் உடையதாக இருக்க வேண்டும். பயிற்சிக்கு எய்த அலகையே வேட்டைக்கும் மாட்டிக்கொண்டு போகாதீர்கள். மழுங்கிய அலகு இரத்தக் குழாயை அறுக்காமல் ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போகும் வாய்ப்பு உண்டு.

பயிற்சியை மே மாதமே தொடங்குவது நல்லது. நாளுக்கு நூறு அம்பு எய்து தோளைக் கெடுத்துக்கொள்வதைவிட, இருபது அம்புகளைக் கவனத்தோடு எய்வது மேல். முதல் சில வாரங்கள் ஐந்து யார்டிலேயே நின்று, நாணை இழுப்பது, கன்னத்தில் ஒரே இடத்தில் கையை நிறுத்துவது, நாணைப் பிடித்து விடுவிக்கும் ரிலீஸ் கருவியின் விசையைத் திடுக்கென்று தட்டாமல் மெல்ல அழுத்துவது ஆகிய மூன்றையும் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். ஆகஸ்டு வந்ததும் பயிற்சியின் முகமே மாற வேண்டும். வேட்டையில் சூடேற்றிக்கொள்ள நேரம் கிடைக்காது. வருவது ஒரே ஒரு வாய்ப்பு. ஆகவே காலையில் எழுந்ததும் கொல்லைப்புறத்தில் ஒரே ஓர் அம்பை எய்துவிட்டு, அது எங்கே பட்டது என்று குறித்துவைத்துக்கொண்டு, வேலைக்குப் போய்விடுங்கள். அந்த முதல் அம்புகளைச் சேர்த்துப் பார்த்தால்தான் உங்கள் உண்மையான திறன் தெரியும். கொல்லைப்புறத்தில் எய்வதற்கு உங்கள் நகராட்சியின் அனுமதி உண்டா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். புறநகர்ப் பகுதிகள் பலவற்றில் தடை உண்டு. அதன்பின் வேட்டை உடையோடு, உட்கார்ந்தபடி, மங்கிய ஒளியில், உண்மையான அம்புத்தலையோடு எய்து பழக வேண்டும். பயிற்சி முனையும் வேட்டை அலகும் ஒரே எடையாக இருந்தாலும், அலகுகள் காற்றைப் பிடிப்பதால் இரண்டும் ஒரே இடத்தில் படும் என்று நம்பிவிடக் கூடாது.

எவ்வளவு தூரம்? முதல் பருவத்தில் 20 யார்டு. அதற்கு மேல் வேண்டாம். வெட்டவெளிக் களத்தில் 40 யார்டில் அழகாகக் குழுமி எய்பவர்களுக்கும் இதையே சொல்வேன். நல்ல வில்லிலிருந்து புறப்படும் அம்பு நொடிக்கு ஏறக்குறைய 270 அடி செல்கிறது. நாணின் ஓசையோ நொடிக்கு 1,100 அடி செல்கிறது. 20 யார்டில் ஓசை போய்ச் சேர்ந்து 0.17 நொடியில் அம்பும் போய்விடுகிறது. 40 யார்டில் அந்த இடைவெளி 0.34 நொடி. ஓசை கேட்டுத் திடுக்கிட்ட மான் துள்ளி ஓடுவதற்காக முதலில் கால்களை மடக்கித் தன் உடலைத் தாழ்த்துகிறது. தடையின்றி விழும் எந்தப் பொருளும் 0.1 நொடியில் 2 அங்குலமும், 0.2 நொடியில் 8 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவும் இறங்கும். மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதியின் உயரமே ஏறக்குறைய அவ்வளவுதான். நீங்கள் பிழையின்றி எய்தும், அம்பு மானின் முதுகுக்கு மேலே பறந்துபோக அந்த அவகாசம் போதும். திறமையால் சரிசெய்ய முடியாத இந்தக் கணக்குக்கு ஒரே மாற்று, கிட்டே வரும்வரை பொறுத்திருப்பது.

மானை அவ்வளவு கிட்டே வரவழைப்பது இடத்தையும் காற்றையும் பொறுத்தது. தெற்கு மிச்சிகனில் அலேகன் மாநில வேட்டைப் பகுதி, வாட்டர்லூ, பிங்க்னி பொழுதுபோக்குப் பகுதிகள் போன்ற பொது நிலங்கள் நகரங்களிலிருந்து எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. தனியார் நிலம் வேண்டுமானால் கோடையிலேயே விவசாயியின் வீட்டுக் கதவைத் தட்டி, உங்களை அறிமுகப்படுத்திக்கொண்டு கேளுங்கள். சோயாவையும் சோளத்தையும் மான் தின்று தீர்ப்பதைப் பார்த்துச் சலித்தவர் சம்மதிக்க வாய்ப்புண்டு. சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அக்டோபர் தொடக்கத்தில் மான்களின் போக்கைத் தீர்மானிப்பது உணவு. வெள்ளை ஓக் மரத்தின் கொட்டைகளில் துவர்ப்பு குறைவு என்பதால், அவை உதிரும் நாட்களில் அருகிலுள்ள வயலைக்கூட மான்கள் பொருட்படுத்துவதில்லை. இலையின் மடல்கள் உருண்டிருந்தால் வெள்ளை ஓக், முள்போல் கூர்ந்திருந்தால் சிவப்பு ஓக் என்று அடையாளம் காணலாம். மரத்தின் கீழே பாதி கடிபட்ட கொட்டைகளும், ஈரம் காயாத கறுத்த புழுக்கைகளும் கிடந்தால் உங்கள் இடம் அதன் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கிறது. அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் இரண்டாம் வாரம் வரை இனச்சேர்க்கைக் காலம் நெருங்கும்போது, ஆண் மான்கள் உணவை மறந்து பெண் மான்களைத் தேடி அலையும். அப்போது இரண்டு காட்டுத் துண்டுகளை இணைக்கும் குறுகிய மரவரிசையோ, சதுப்புக்கும் மேட்டுக்கும் இடைப்பட்ட ஒடுக்கமான வழியோ நல்ல இடம். விடுமுறை எடுக்க ஒரே வாரம்தான் உண்டு என்றால் நவம்பரின் முதல் வாரத்தை எடுங்கள்.

காற்றைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். மானின் கண்ணை ஏமாற்றலாம். சிவப்பும் ஆரஞ்சும் அதற்கு வேறுபட்டுத் தெரிவதில்லை, அசையாமல் இருந்தால் பெரும்பாலும் கவனிக்காது. மூக்கை ஏமாற்ற முடியாது. மணமகற்றும் சோப்பும் தெளிப்பான்களும் விற்பவருக்குத் தரும் பயனே அதிகம் என்பது என் கருத்து. மானின் வழி எதுவோ அங்கிருந்து உங்களை நோக்கிக் காற்று வீச வேண்டும். அல்லது குறுக்காகவாவது வீச வேண்டும். வானிலைச் செயலி காட்டும் திசை மரங்களுக்கு மேலே வீசும் காற்றுக்குரியது. காட்டுக்குள் அது வளைந்து திரும்பும். வெயில் ஏறும்போது காற்று சரிவில் மேலே எழும். மாலையில் குளிர்ந்து பள்ளத்துக்கு இறங்கும். இதைக் கண்ணால் பார்க்க ஒரு செலவில்லாத வழி இருக்கிறது. செப்டம்பர், அக்டோபரில் மிச்சிகனின் சாலையோரங்களில் மில்க்வீட் செடியின் காய்கள் வெடிக்கும். நம் ஊர் எருக்கின் உறவுச் செடிதான், உடைத்தால் அதே பால், அதே பட்டுப்போன்ற பஞ்சு. சில காய்களைப் பையில் போட்டுக்கொண்டு, மரத்தின் மேல் உட்கார்ந்து ஒவ்வோர் இழையாக விட்டுப் பார்த்தால், உங்கள் மணம் எந்த வழியாகப் போய், எங்கே திரும்பி, எந்தப் பள்ளத்தில் இறங்குகிறது என்பது ஐம்பது யார்டு வரை தெரியும். காற்று தவறான திசையில் இருக்கும் நாளில், எவ்வளவு நல்ல இடமாக இருந்தாலும் அங்கே போய் உட்காராதீர்கள். வேறு இடம் ஒன்றைத் தயாராக வைத்திருப்பது அதற்காகத்தான்.

மரப் பரண்தான் வில் வேட்டையில் மனிதருக்கு நேரும் பெரிய ஆபத்து. விழுவது பெரும்பாலும் உட்கார்ந்திருக்கும்போது அல்ல. ஏறும்போதும், இறங்கும்போதும், ஏணியிலிருந்து பலகைக்குக் கால் மாற்றும் அந்தக் கணத்திலும்தான். ஆகவே விழுந்தால் உடலைத் தாங்கும் பட்டைகளாலான முழு உடல் ஹார்னஸ் அணிந்தால் மட்டும் போதாது. தரையிலேயே உங்களை, மரத்தில் மேலிருந்து கீழ்வரை கட்டிய உயிர்க்கயிற்றோடு இணைத்துக்கொண்டு, திரும்ப தரையைத் தொடும்வரை அவிழ்க்காமல் இருக்க வேண்டும். விழுந்து ஹார்னஸில் தொங்க நேர்ந்தால் கால்களில் இரத்தம் தேங்கி நினைவிழக்கும் அபாயம் உண்டு; கால் ஊன்றி நிற்க உதவும் பட்டையைப் பையில் எடுக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். வில்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறவே கூடாது. ஏறி அமர்ந்த பின் கயிற்றால் மேலே இழுத்துக்கொள்ள வேண்டும், அம்புகள் உறைக்குள் மூடியிருக்க வேண்டும். பொது நிலத்தில் பரணை செப்டம்பர் 1-க்கு முன்பு கட்டக் கூடாது, மார்ச் 1-க்குள் அகற்றிவிட வேண்டும், உரிமையாளரின் அடையாளம் அதில் எழுதியிருக்க வேண்டும். மரத்தில் ஆணியோ திருகோ அடிப்பதும் குற்றம். உயரம் 15 முதல் 18 அடி போதும். உயரம் கூடக்கூட அம்பு செங்குத்தாக இறங்கி ஒரு நுரையீரலை மட்டுமே துளைக்கும் வாய்ப்பு கூடுகிறது. உயரத்தைக் கண்டு அஞ்சுபவர்கள் தரையில் துணிக்கூடாரம் அமைத்து உட்காரலாம். அதில் எந்தக் குறைவும் இல்லை.

மேலிருந்து எய்வதற்குத் தூரத்தைத் திருத்திக் கணக்கிட வேண்டுமே என்று கவலைப்படுகிறார்கள். 20 அடி உயரத்திலிருந்து 20 யார்டு தள்ளி நிற்கும் மான் உண்மையில் 21 யார்டு தூரத்தில் இருக்கிறது. அந்த வேறுபாடு பொருட்டே அன்று. உண்மையான சிக்கல் உடல் நிலையில் இருக்கிறது. கையை மட்டும் கீழே தாழ்த்தினால் நாண் முகத்தில் படும் இடம் மாறி அம்பு தவறும். இடுப்பிலிருந்து வளைந்து, தோளும் கையும் அமைக்கும் கோணத்தை மாற்றாமல் எய்ய வேண்டும். பரணில் ஏறி, ஹார்னஸ் அணிந்து இதைப் பழகாமல் பருவத்துக்குப் போகாதீர்கள். உட்கார்ந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, சுற்றியுள்ள நான்கைந்து மரங்களின் தூரத்தை ரேஞ்ச் ஃபைண்டரால் அளந்து மனத்தில் இருத்திக்கொள்வது. மான் வந்தபின் அளக்க நேரம் இருக்காது.

மான் வருகிறது. முதலில் காய்ந்த இலைகளில் சீரான காலடி ஓசை. அணிலின் ஓசை விட்டு விட்டுக் கேட்கும், மானுடையது நடக்கும், நிற்கும், மறுபடி நடக்கும். இதயம் தொண்டைக்கு வந்துவிடும். எத்தனை ஆண்டு போனாலும் வரும். கொம்பைப் பார்க்காதீர்கள், எய்ய வேண்டிய இடத்தை மட்டும் பாருங்கள். மானின் தலை ஒரு மரத்தின் பின்னால் மறையும் கணத்தில்தான் வில்லை இழுக்க வேண்டும். கண் தெரியும்போது இழுத்தால் அது உங்களையும் பார்க்கும். பக்கவாட்டில் நிற்கும் மானுக்கு, முன்னங்காலின் பின்விளிம்பைப் பிடித்துக்கொண்டு மேலே வந்து, உடலின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வரும் இடத்தைக் குறிவையுங்கள். சற்றே விலகிப் போகும் கோணத்தில் நின்றால் இன்னும் நல்லது. அப்போது மறுபக்கத்து முன்னங்காலை நோக்கி அம்பு வெளியேறும்படி கணக்கிட்டு, நுழையும் இடத்தைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். உங்களை நோக்கி வரும் மான், நேர் எதிரே நிற்கும் மான், பரணுக்கு நேர் கீழே நிற்கும் மான், ஓடும் மான் ஆகியவற்றின் மேல் எய்யாதீர்கள். தோள் எலும்பும் மார்பெலும்பும் முதுகெலும்பும் அங்கே குறுக்கே நிற்கின்றன. சட்டப்படி எய்ய இன்னும் பத்து நிமிடம் இருந்தாலும், குறிபார்க்க வில்லில் பொருத்திய சைட்டின் ஊசிமுனை மானின் உடலோடு கலங்கித் தெரியத் தொடங்கினால் அன்றைய வேட்டை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எய்த பின் வரும் அரை மணி நேரத்தில்தான் புதியவர்கள் அதிகம் கெடுத்துக்கொள்கிறார்கள். மான் ஓடும் திசையில் அது கடைசியாகத் தெரிந்த மரத்தை மனத்தில் குறித்துக்கொண்டு, காதைத் தீட்டிக் கேளுங்கள். விழும் ஓசை கேட்கலாம். உடனே இறங்காதீர்கள். குறைந்தது அரை மணி நேரம் கழித்து, சத்தமின்றி இறங்கி, மான் நின்ற இடத்துக்குப் போய் அம்பைத் தேடுங்கள். அம்பே நடந்ததைச் சொல்லிவிடும். இளஞ்சிவப்பாக, நுண்ணிய குமிழ்களோடு நுரைத்த இரத்தம் இருந்தால் நுரையீரல். மான் அருகிலேயே கிடக்கும். கருஞ்சிவப்பாக, குமிழ் இல்லாமல் இருந்தால் கல்லீரலாக இருக்கலாம். நான்கு முதல் ஆறு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அம்பை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பாருங்கள். பசுமை கலந்த கசடும் புளித்த நாற்றமும் இருந்தால் குடலில் பட்டிருக்கிறது. எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் அந்தப் பக்கமே போகக் கூடாது. அடிபட்ட மான் துரத்தப்படாவிட்டால் நூறு இருநூறு யார்டுக்குள் படுத்துவிடும், படுத்த இடத்திலேயே இறந்தும்விடும். நீங்கள் பின்தொடர்ந்து எழுப்பிவிட்டால் அது மைல் கணக்கில் போய்விடும். பின்னர் இரத்தமும் சொட்டாது.

தேடும்போது இரத்தத் தடத்தின் மேல் நடக்காமல் ஓரமாக நடந்து, ஒவ்வொரு துளியிலும் கழிவறைக் காகிதத்தைக் கிழித்து வைத்துக்கொண்டே போங்கள். தடம் நின்றுபோனால் திரும்பிப் பார்க்கும்போது அந்த வெள்ளைத் துண்டுகளின் வரிசையே மான் போகும் திசையைக் காட்டும். தரையில் மட்டும் தேடாமல், இடுப்பளவு உயரத்தில் செடிகளில் தீற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். கிடைக்காவிட்டால், பயிற்சி பெற்ற நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தேடித்தரும் ஆர்வலர்கள் மிச்சிகனில் இருக்கிறார்கள். சட்டமும் அதை அனுமதிக்கிறது. ஆனால் பத்துப் பேர் மிதித்துக் குழப்பிய பிறகு கூப்பிடாதீர்கள். மான் அடுத்தவர் நிலத்துக்குள் போயிருந்தால் அவருடைய அனுமதி இல்லாமல் வேலியைத் தாண்டக் கூடாது.

மான் கிடைத்ததும் உரிமச்சீட்டை அப்போதே மானில் கட்டிவிட வேண்டும். பிறகு 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அக்டோபர் தொடக்கத்தில் பகல் வெப்பம் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாட்கள் உண்டு. ஆகவே குடலை அகற்றி உடலைக் குளிர்விப்பதில் தாமதம் கூடாது. கையுறை அணிந்து, கத்தியின் கூர் மேல்நோக்கி இருக்கும்படி, தோலையும் மெல்லிய வயிற்றுத் தசையையும் மட்டும் கீறுங்கள். குடலும் சிறுநீர்ப்பையும் கிழிந்தால் இறைச்சி கெடும். பின்னங்கால்களின் உட்புறத்தில் இருக்கும் சுரப்பியைத் தொட்ட கையால் இறைச்சியைத் தொடாதீர்கள். பலரும் காட்டிறைச்சியின் வீச்சம் என்று சொல்வதில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. வீடு திரும்பியதும் உடலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மிச்சிகனின் மேற்கிலும் தெற்கிலும் அது லைம் நோயைப் பரப்புகிறது.

சமைப்பதற்கு முன் ஒரு காரியம் உண்டு. மான்களின் மூளையைப் பாதிக்கும் நாட்பட்ட தேய்வு நோய், மிச்சிகனின் காட்டு மான்களில் 2015-இல் இங்கம் மாவட்டத்தில் முதன்முதலில் கண்டறியப்பட்டது; அதன்பின் வேறு மாவட்டங்களிலும் காணப்பட்டிருக்கிறது. மனிதருக்கு அது தொற்றியதாக உறுதியாகவில்லை. ஆயினும் நோயுள்ள மானின் இறைச்சியை உண்ண வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. தலையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை இறைச்சியைத் தனியே குறியிட்டு உறைபெட்டியில் வையுங்கள். வடகிழக்கில் அல்பீனா, அல்கோனா, மான்ட்மோரன்சி, அஸ்கோடா மாவட்டங்களில் மாட்டுக் காசநோயும் மான்களிடம் இருப்பதால், அங்கே வேட்டையாடினால் நெஞ்சுக்கூட்டின் உட்புறத்தில் கட்டிகள் தென்படுகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். நல்ல முடிவு வந்தபின், முதுகோரச் சதையை மெல்லியதாக அரிந்து மிளகோடு சில நிமிடங்கள் மட்டும் வதக்குங்கள். மான் இறைச்சியில் கொழுப்பு மிகக் குறைவு என்பதால் அதிக நேரம் வைத்தால் தோலாகிவிடும். கழுத்தும் முன்தொடையும் அதற்கு நேர்மாறு. ஆட்டுக்கறிக் குழம்புக்கு வைப்பதைவிட இரு மடங்கு நேரம் சிறு தீயில் வெந்தால்தான் எலும்பிலிருந்து கழன்று வரும். மிஞ்சும் இறைச்சியை நண்பர்களுக்குக் கொடுக்கலாம். விற்பது மட்டும் சட்டவிரோதம்.